கசப்புக்கு அவன் சொன்ன சொல்

நடுவட்டத்தில் அந்த வருஷம்
மழை வைகாசியிலேயே ஏறிவிட்டது.
ஜெயில் ஓட்டின்மேல் மேகம் வந்து உட்கார்ந்தால்
நாலு நாளைக்கு எழுந்திருக்காது.

சங்கிலி கழற்றி அவர்களைக்
கொயினாத் தோட்டத்தில் விட்டபோது
பட்டை உரிக்கிற நாங்கள்
பத்தடி தள்ளிப்போய் நின்றுகொண்டோம்.
நாய் தின்பானாம். பாம்பு தின்பானாம்.
ராத்திரியில் கம்பி வழியே
சடையை வீசிப் பிள்ளை பிடிப்பானாம்.
சொன்னவள் என் பெண்டாட்டி.
நம்பினவன் நான்.

அவனுக்கு இருபது இருக்கும். மீசை வரவில்லை.
இடுப்புவரை ஒற்றைச் சடை.
பெயர் கேட்டார் ரைட்டர். அவன் ஏதோ சொன்னான்.
எழுதிக்கொண்டார்: அய்யாலு.
சாதி: சீனன். குற்றம் செய்த ஊர்: மலாக்கா.
நாங்கள் கூப்பிட்டது, சடையன்.

செட்டி கடையில் எனக்குச் சாமானை
எட்டி நின்றுதான் போடுவார்கள்.
தண்ணீர் கேட்டால் மூங்கில் குழாய்.
அரிசி மூட்டை தூக்க அவன் வந்த அன்று
செட்டி உப்புப் பொட்டலத்தை என் கையிலேயே வைத்தார்,
அவனை விரட்டுகிற அவசரத்தில்.
பொய் சொல்லக்கூடாது:
எனக்குக் கீழே ஒருத்தன் வந்துவிட்டான் என்று
நெஞ்சுக்குள் ஒரு சூடு.
குளிர்ச் சீமையில் அதுவும் சூடுதான்.

திரும்புகிற வழியில் அவன் காலில் அட்டை.
‘சிலாக்கா!’ என்றான், தனக்குத்தானே.
பினாங்கில் கரும்பு வெட்டின ஐந்து வருஷமும்
என் நாக்குக்கடியில் அப்படியே கிடந்திருக்கிறது.
‘காராம்’ என்றேன், உப்பை நீட்டி.
அவன் முகம் திரும்பிய விதத்தை
கப்பல் தட்டில் பார்த்திருக்கிறேன்,
கரை தெரிகிற காலைகளில்.

அவன் பாஷை இல்லை. என் பாஷையும் இல்லை.
எங்கள் இரண்டு பேரையும் அடித்த ஊரின் பாஷை.
நாற்பது சொல் தேறும்:
சோறு, கூலி, அடி, மழை, நாளைக்கு.
அம்மாவுக்கு இருந்தது.
ஏக்கத்துக்கு எங்கள் இருவருக்குமே தெரியவில்லை,
அதனால் அதைப் பேசவில்லை.
வெள்ளீயச் சுரங்கம், கடன், ஒரு படகு, ஒரு கத்தி.
அதற்குமேல் அவன் சொல்லவில்லை.
என் கடனை எப்படி அடைத்தேன் என்று
நானும் சொல்லவில்லை.

ஆடியில், கூடலூர் இறங்கிப்போய் வந்த
என் மகள் செவந்திக்குக் காய்ச்சல்.
காய்ச்சல் மருந்தை மலைமலையாய்க் காயப்போடுகிற ஊரில்
ஒரு விரற்கடைப் பட்டைக்கு ஆறு கசையடி.
‘சாக்கிட்’ என்றேன் அவனிடம். நோவு.
வேறொன்றும் கேட்கவில்லை.
கேட்கவில்லை என்றுதான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.

மூன்று நாள்
கொட்டகை வாசல் சோதனையைத் தாண்டி
சடைக்குள் முறுக்கி வந்தது பட்டை.
‘பாஹித்’ என்று முகத்தைச் சுளித்துக் காட்டிக் கொடுப்பான்.
கசக்கும், பிள்ளையிடம் சொல்லிவை.
என் பெண்டாட்டி கொதிக்கவைத்தாள்.
யார் தந்தது என்று அவள் கேட்கவில்லை.
நாலாம் நாள்
மழை ஈரத்தில் சடை அவிழ்ந்துவிட்டது.

கசையடிக்கு அவன் வாய் திறக்கவில்லை.
கத்திரிக்கோலைக் கண்டதும் கத்தினான்,
எங்கள் நாற்பதில் இல்லாத சொற்களில்.
சடையில்லாமல் ஊரில் இறங்கினால்
தலை இருக்காதாம். பிற்பாடுதான் சொன்னான்.
எங்களை வரிசையாக நிறுத்திப் பார்க்கச் சொன்னார்கள்.
பார்த்தேன்.
‘என் பிள்ளைக்காக’ என்று சொல்ல
எனக்கு இரண்டு பாஷையிலும் சொல் இருந்தது.

தண்டனை முடிந்தும் அவன் கப்பலேறவில்லை.
பைக்காரா போகிற சரிவில் முட்டைக்கோசு போட்டான்.
வேலிக்கு மூங்கில் கொண்டுபோனேன்.
கையிலிருந்தே வாங்கிக்கொண்டான்.
அன்றைக்குத்தான் பெயரைக் கேட்டேன்.
ஆ லோக்.
நான் திருப்பிச் சொன்னதைக் கேட்டுச் சிரித்தான்,
இன்னொரு தடவை சொல்லிக்கொடுத்தான்,
அதுவும் எனக்குச் சரியாக வரவில்லை.

செவந்திக்கு இப்போது பதினாலு.
பாகற்காய் வைத்த அன்று
தட்டைத் தள்ளிவிட்டு ‘பாஹித்’ என்கிறாள்.
இவளுக்கு எங்கிருந்து வந்தது இந்தப் பேச்சு
என்று அம்மாக்காரி என்னைப் பார்க்கிறாள்.
நான் குனிந்து
சோற்றைப் பிசைகிறேன்.